பக்கத்து ஆள் எழுந்து போகாத படம்

என்னிடம் சினிமா பற்றிப் பேச வருகிறவர்கள் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்பார்கள். "படம் பாத்தே வயசான ஆளு நீங்க. அந்தக் காலத்துல எதுதான் நல்ல படம்?" பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. கதை நன்றாக இருந்தது, பாட்டு நன்றாக இருந்தது என்று நான் எந்தப் படத்துக்கும் மார்க் போட்டதில்லை. அதைச் செய்ய ஊரில் வேறு ஆட்கள் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான் என்பதுதான் என் கணக்கு.

நான் தோல்ஷாப்பில் வேலை பார்த்தவன். வீடு பேகம்பூரில். மீசை முளைக்கும் முன்பே அத்தா என்னைக் கொண்டுபோய் அங்கே சேர்த்துவிட்டார். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, பிறகு வெளியே இழுத்து, மயிரையும் ஒட்டியிருக்கும் சதையையும் வழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட வேண்டும். நாளெல்லாம் நின்றபடியே வேலை. அந்த நாற்றம் சோப்புக்கும் போகாது, சீயக்காய்க்கும் போகாது. கொஞ்ச நாள் அத்தர் பூசிப் பார்த்தேன். இதற்கு வெறும் நாற்றமே தேவலை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையில் தோல் உரிகிற மாதிரி தேய்த்துக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி ஜும்மாவுக்குப் போவேன். பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும், வரிசையை விட்டு யாரும் நகரக் கூடாது. அதனால் அங்கே எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. சாயங்காலம் முதல் ஆட்டத்துக்குச் சினிமாக் கொட்டகைக்குப் போவேன். அங்கே அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

தரை டிக்கெட்தான் எடுப்பேன். மணலைக் கொஞ்சம் குவித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வோம். முதலில் எல்லாம் நான் கவனிக்கவே இல்லை. கூட்டம் குறைவாக இருக்கிறது, சௌகரியமாகக் காலை நீட்டலாம் என்று சந்தோஷப்பட்டேன். என்னோடு குழியில் வேலை பார்த்த ஒருவன்தான் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான், "ஒனக்கென்னப்பா, கவர்னர் வந்தாக்கூட இம்புட்டு எடம் விட மாட்டாங்க." அதற்குப் பிறகுதான் பார்த்தேன். கொட்டகை நிறைந்திருந்த நாளிலும் என்னைச் சுற்றி மட்டும் மணல் தெரிந்தது.

வருத்தமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லி யாரை ஏமாற்றப் போகிறேன்? ஆனால் வாரம் முழுக்க நின்ற காலுக்கு உட்கார ஒரு இடம் அதுதான் என்பதால் போவதை நிறுத்தவில்லை. போனால் கண் திரையில் பாதி, பக்கத்து ஆள் மேல் பாதி இருக்கும். அப்படித்தான் மார்க் போடுகிற பழக்கம் வந்தது. எழுத்துப் போடும்போதே எழுந்து போனால் அந்தப் படம் தேறாது. துண்டால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சுமார். மூடின துண்டு மெல்ல மெல்ல இறங்கி மடியில் விழுந்து, அது விழுந்ததே தெரியாமல் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தான் என்றால், அந்தப் படத்தை எடுத்தவன் கெட்டிக்காரன். என் நாற்றத்தையே மறக்கடித்தவனுக்கு அதைவிட என்ன பட்டம் கொடுப்பது?

ரசனை என்று எனக்கு ஏதாவது உண்டு என்றால் அதுவும் இந்த வழியில் வந்ததுதான். சிரிப்புப் படம் எனக்கு ஆகாது. சிரிக்கிறவன் சிரித்து முடித்ததும் மூச்சை நன்றாக உள்ளே இழுப்பான். இழுத்ததும் முகம் மாறும், ஆள் கிளம்பிவிடுவான். எவ்வளவு பெரிய காமெடியன் வந்து குட்டிக்கரணம் அடித்தாலும் என் பக்கத்து ஆளை அவனால் நிறுத்தி வைக்க முடிந்ததில்லை. அழுகைப் படம் அப்படியில்லை. தாய் இறந்து, தங்கை கைவிடப்பட்டு, எல்லோரும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தால் எனக்கு நிம்மதி. மூக்கு அடைத்தவனுக்கு ஏது வாசனை? மாயாஜாலப் படமும் நல்லது. வாயைப் பிளந்து பார்க்கிறவன் வாயால்தான் மூச்சு விடுவான். கத்திச் சண்டை வந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு முறை பக்கத்தில் இருந்த பெரியவர் ஆவேசத்தில் என் தொடையைப் பிடித்து அழுத்திக்கொண்டார். சண்டை முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை. அந்தப் படத்தை நான் மறுபடியும் மறுபடியும் போய்ப் பார்த்தேன். அந்தப் பெரியவர் மறுபடி வரவில்லை.

மார்க் போடுவதிலும் நியாயம் வேண்டும் அல்லவா? மழைக்காலத்தில் என் நாற்றம் ஒரு பங்கு கூடிவிடும். அப்போது ஒருவன் பாதிப் படம் உட்கார்ந்திருந்தால் கோடையில் முழுப் படம் உட்கார்ந்ததற்குச் சமம் என்று வைத்துக்கொள்வேன். செம்பட்டியில் டூரிங் கொட்டகை வந்தபோது பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அங்கே பார்த்த படமெல்லாம் எனக்கு ஒசத்தியாகத் தெரிந்தது. யாருமே எழுந்து போகவில்லை. அட, நம்ம ஊர்க்காரர்களுக்குத்தான் ரசனை இல்லை போல என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. அங்கே வருகிறவர்கள் வயலுக்கு எருவடித்துவிட்டு அப்படியே வருகிற சம்சாரிகள். அவர்கள் மேல் ஆட்டுப்புழுக்கை, என் மேல் ஆட்டுத்தோல். ஆடு என்னவோ ஒன்றுதான். அதிலிருந்து செம்பட்டியில் பார்த்த படங்களுக்குப் பாதி மார்க்கைக் கழித்துக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. மாமனாருக்குப் பூ மார்க்கெட்டில் வேலை. சாணார்பட்டிப் பக்கமிருந்து வந்து இறங்குகிற மல்லிகைக்கு நடுவில் வளர்ந்த பெண் அவள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். நாரோடு சேர்ந்த பூ என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. கல்யாணமான புதிதில் நான் அவள் முகத்தைப் பார்த்ததைவிட மூக்கைப் பார்த்ததுதான் அதிகம். அது ஒரு நாளும் சுளிக்கவில்லை. நல்ல பெண், சகித்துக்கொள்கிறாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சினிமாவில் அவள் எனக்கு மேல். படம் என்றால் உயிரை விடுவாள். பார்த்துவிட்டு வந்த கதையை அடுப்படியில் நின்று எனக்கே திரும்பச் சொல்வாள். நானும் அதே படத்தைத்தான் பார்த்துவிட்டு வந்திருப்பேன், ஆனாலும் சொல்வாள். கதை உச்சத்துக்குப் போகும்போது வெஞ்சனம் அடிப்பிடித்துவிடும். வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து கிளம்புவோம். வாசலில் பிரிந்து அவள் பெண்கள் பக்கம் போவாள், நான் ஆண்கள் பக்கம். நடுவில் ஒரு குட்டைச் சுவர். படம் விட்டதும் சோடாக் கடை முன்னால் சந்தித்து வீட்டுக்கு நடப்போம்.

"எப்படி?" என்று கேட்பேன்.

"நெருக்கியடிச்சுக் கூட்டம். நல்ல படம்" என்பாள். கூட்டம் இல்லாவிட்டால், "காலியாக் கெடந்துச்சு. சுமார்தான்" என்பாள்.

"நீ படம் பாத்தியா, தலைய எண்ணுனியா?" என்று கிண்டல் செய்வேன். அவளுக்கு ரசனை போதாது என்றே நான் முடிவு கட்டியிருந்தேன்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சேர் டிக்கெட் எடுத்தால் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். எதிர்வீட்டு வெல்லமண்டிக்காரர் தன் மனைவியை அப்படித்தான் கூட்டிப்போவார். "ஒரே ஒரு படம், ஒங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும்" என்று இவள் கேட்பாள். நான் சாக்குச் சொல்வேன். சேரில் மூட்டைப்பூச்சி என்பேன். தூண் மறைக்கும் என்பேன். தரையில்தான் காற்று வரும் என்பேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடி கேட்பாள். "என்னோட உக்கார ஒங்களுக்கு வெக்கமா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். "ஆமா, வெக்கந்தான்" என்று எரிந்து விழுந்தேன். வேறென்ன சொல்வது?

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தரையில் ஒருவன் நகர்ந்தால் இருட்டில் நகர்ந்தான், அவ்வளவுதான். சேரில் உட்காருகிறவர்கள் கடைக்காரர்கள், ஆபீஸ்காரர்கள். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு எழுவார்கள். எனக்கு அது பழகிவிட்டது. ஆனால் அதை அவள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். பார்ப்பது மட்டுமா, என் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளையும் சேர்த்துத்தானே ஒதுக்குவார்கள்? அந்தச் சுவருக்கு அந்தப்புறம் அவளாவது நாலு பெண்களோடு பெண்ணாகச் சிரித்து அழுது பார்த்துவிட்டு வரட்டும் என்றுதான் இருந்தேன். வேறு வேலையும் தேடிப் பார்த்தேன். பூட்டுப் பட்டறையில் கேட்டதற்குக் கை பழகாத ஆள் வேண்டாம் என்றார்கள். அலுத்துப்போய் மறுபடி குழிக்கே வந்தேன்.

இப்படியே சில வருஷம் ஓடியது. ஒரு பெருநாளுக்கு மறுநாள் புதுப்படம் பார்க்கப் போனோம். அவள் புதுச் சேலை கட்டி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். போய்ப் பார்த்தால் தரை, பெஞ்சு, பெண்கள் பக்கம் எல்லாம் நிறைந்து டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சேர் மட்டும்தான் இருந்தது.

"திரும்பிரலாமா?" என்றேன்.

"வீட்டுல என்ன வச்சிருக்கு? சேருன்னா சேரு. வாங்க உள்ள."

வரிசையின் நடுவில் இடம் கிடைத்தது. எனக்கு இடப்பக்கம் அவள். வலப்பக்கம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், அவருக்கு அந்தப்புறம் அவர் குடும்பம். நியூஸ் ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் மூக்கை உறிஞ்சினார். செருப்பைக் கழற்றி அடியில் எதையாவது மிதித்துவிட்டோமா என்று திருப்பிப் பார்த்தார். சேருக்குக் கீழே குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவர் பிள்ளை, "அப்பா, என்னமோ நாறுது" என்று சத்தமாகச் சொன்னது. கைக்குட்டை வெளியே வந்தது, குடும்பத்தோடு எழுந்து போனார். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்கள். அவள் பக்கத்துச் சேர்களும் காலியாயின. பெருநாள் கூட்டத்தில், கால் வைக்க இடமில்லாத கொட்டகையில், எங்களைச் சுற்றி மட்டும் வெறும் சேர்களாகக் கிடந்தன.

கூனிக் குறுகிப் போனேன். திரையில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று ஒன்றும் மனதில் பதியவில்லை. அவள் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. இதற்காகத்தானடி இத்தனை வருஷம் உன்னிடம் பேச்சு வாங்கினேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். இப்போது எல்லோரும் பார்ப்பார்கள். தலையைக் குனிந்தபடியே சொன்னேன், "நீ பொம்பளைங்க பக்கம் போயிரு. வாசல்ல இருக்கவர்கிட்ட சொல்லி விடுறேன். நெருக்கி ஒரு ஓரமா உக்காந்துக்க."

"அங்க மட்டும் என்ன வாழுதாம்?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒங்க துணிய தொவைக்கிறது யாரு? நாந்தான? இருக்கது ஒத்தை ரூமு. ஒங்க சட்டை தொங்குற கொடியிலதான என் சேலையும் தொங்குது. நான் போயி உக்காந்தாலும் ஒருத்தி எந்திரிப்பா. அவ எந்திரிச்சா பின்னாடியே நாலு பேரு எந்திரிப்பாளுக. கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான்." கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அன்னைக்கோட சினிமாவுக்குக் கூட்டிட்டு வாரத நிறுத்திருப்பீங்க."

நிறுத்தித்தான் இருப்பேன். இத்தனை வருஷமாகச் சுவருக்கு அந்தப்புறம் இவளும் என்னைப் போலவே மணலுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். எங்களைத் தாண்டி எல்லோரும் முறுக்கு வாங்கவும் கலர் குடிக்கவும் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்ப இங்க வந்தாலும் எந்திரிச்சுப் போவாங்கன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இந்தச் சேருக்கு இம்புட்டு நாளா அடம் பிடிச்ச?"

அவள் முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

"ஆமா. நீங்க ஒருத்தரு எந்திரிச்சுப் போக மாட்டீங்கல்ல."

மணி அடித்து விளக்கை அணைத்தார்கள். மீதிப் படம் முடிகிற வரைக்கும் நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.