இஸ்திரி போட்ட சட்டை

எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்தில் கல்லூரி விடுதியில் இருந்தபோது நாங்கள் நான்கு பேர் ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தோம். கலைவிழாவுக்கு ஓர் ஆங்கிலப் பாட்டை எடுத்துக்கொண்டோம். வறுமையைப் பற்றி ஓர் அமெரிக்கர் எழுதியது. எங்களிடம் இருந்த கேசட்டில் அதைப் பாடியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அட்டைப் படத்தில் கோட்டும் டையுமாக நின்றார்கள். ஏழைப் பாட்டுக்குக் கோட்டா என்று சிரித்தேன். நான் கிழிசலில்தான் பாடுவேன் என்றேன். ஆனால் என்னிடம் கிழிந்த சட்டை ஒன்றுகூட இல்லை.

விடுதி மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் அண்ணனிடம், மேடைக்கு ஒரு பழைய சட்டை வேண்டும் என்று கேட்டேன். மறுநாள் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

“மேடையில போட்டுக்கினு பாடப் போற. பழச எப்டி குடுக்கறது? இது தங்கச்சி கண்ணாலத்துக்கு எடுத்தது தம்பி.”

அப்போதே திருப்பிக் கொடுத்திருக்கலாம். மடையன், அறைக்குப் போய் சட்டையின் ஒரு கையைக் கிழித்தேன். தோளில் கரியும் பூசினேன். விழாவில் பலத்த கைதட்டல். அவரும் அரங்கத்தின் பின்வாசலில் நின்று தட்டினார்.

அடுத்த வாரம், நான் துவைத்து மெஸ்ஸில் வைத்துவிட்டு வந்திருந்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கரி முழுதாகப் போகவில்லை. மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“பாட்டு சூப்பரா இருந்துச்சு தம்பி. இன்னாத்தப் பத்தின பாட்டு அது?”

“காதல் பாட்டுண்ணா” என்றேன்.