ஜாக்கெட் பாயின் பட்டை

அபிராமபுரத்தில் கலீமுல்லா என்றால் யாருக்கும் தெரியாது, ஜாக்கெட் பாய் என்றால்தான் தெரியும். முப்பத்தைந்து வருஷமாக ரவிக்கை தைக்கிறார். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அளவு ஜாக்கெட் என்று அக்காவுடையதையோ ஓரகத்தியுடையதையோ யாராவது கொண்டுவந்தால் போச்சு. “போடப்போறது நீ, அளவு அவுங்களுதா? இன்னாமா இது?” என்று துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் வீட்டில் பஞ்சாங்கம் கிடையாது. ஆனாலும் வேலையும் ஓய்வும் முகூர்த்த நாளைப் பார்த்துத்தான் வரும். ஆனியில் தலைக்கு மேல் வேலை, ஆடியில் ஈ ஓட்டுவார்.

அதனால்தான் குடலிறக்க ஆபரேஷனை ஆடி முதல் வாரத்துக்கு வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஒரு பட்டையைக் கையில் கட்டி அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழற்றக் கூடாது, தினம் ஐயாயிரம் அடி நடக்க வேண்டும். நடையும் தூக்கமும் நாடித்துடிப்பும் தானாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடுமாம். சரியில்லை என்றால் ஆபரேஷன் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் ஆவணி வந்துவிடும், கூடவே கல்யாணங்களும். இந்த வலியோடு இன்னொரு சீசன் மெஷினில் உட்கார அவரால் ஆகாது.

ஆனால் நடக்க நேரம் எங்கே? இன்னும் ஆனி முடியவில்லை, நாற்பது ஜாக்கெட் கொக்கி வைக்காமல் தொங்கின. மாடி வீட்டு அம்பி, ரிடையரான டிரில் மாஸ்டர், காலையும் மாலையும் நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுற்றுகிறவர். “குடுங்கோ பாய், நான் எப்படியும் நடக்கத்தானே போறேன்” என்று பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டார். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் அப்பாவின் திவசம். மடியாக இருக்கும்போது இதெல்லாம் கட்டிக்கப்படாது என்று திருப்பிக் கொடுத்தார். அன்று மட்டும் கலீமுல்லா அதைக் கட்டிக்கொண்டு தைத்தார். மறுநாள் பட்டை மாடி ஏறிவிட்டது.

ரிப்போர்ட் பிரமாதமாக வந்தது, வராமல் என்ன செய்யும். ஆபரேஷன் அன்று காலை, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வர்ஷினி அவர் நெஞ்சில் வட்டமாக ஒரு வில்லையை ஒட்டினார். ஆபரேஷன் முடியும்வரை இதயத்தைக் கவனிக்க அது.

“நல்லா நடந்திருக்கீங்க பாய். சின்னப் பையன் மாதிரி நாடி. இதைப் பார்த்துதான் முழு மயக்கமே குடுத்துடலாம்னு முடிவு பண்ணோம்.”

மருந்து போடப்போவது கலீமுல்லாவுக்கு, அளவு அம்பியுடையது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. எத்தனை பெண்களை இதற்காகக் கடையிலிருந்து விரட்டியிருக்கிறார்.

“டாக்டரம்மா, அது என் நாடி இல்ல” என்று ஆரம்பித்து பூங்காவரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

வர்ஷினி திட்டவில்லை. “ஒரு நாள்கூட நீங்க கட்டலையா?”

“ஒரே ஒரு வெள்ளிக்கெழம.”

வர்ஷினி தன் கையிலிருந்த திரையில் தேடினார். அந்த வெள்ளிக்கிழமையில் விரல் நின்றது.

“அன்னிக்கு மட்டும் துடிப்பு தாறுமாறா இருந்திருக்கு. ஈசிஜி எடுத்தப்போ ஒண்ணும் தெரியல, மத்த நாளெல்லாம் ஒழுங்கா இருந்தது. பட்டை லூசா இருந்திருக்கும்னு அந்த ஒரு நாளை நாங்க ஒதுக்கிட்டோம்.”

“லூசா இல்லமா. நான் கட்டுனது. ஒரு விரல்கூட உள்ள போவாது.”

வர்ஷினி ஆபரேஷனை நிறுத்தச் சொன்னார். நெஞ்சில் ஒட்டிய வில்லையை மட்டும் எடுக்க வேண்டாம் என்றார்.