சலவை அறைக் கதவு

கப்பலில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் மோப்பம். தீ ரோந்துதான் அவர் வேலை. உல்லாசக் கப்பல் என்றால் பார்க்கிறவர்களுக்கு நீச்சல் குளமும் பாட்டும் கூத்தும்தான் கண்ணில் படும். அதற்கு அடியில் சமையலறை, எண்ணெய்க் குழாய்கள், சலவை எந்திரங்கள், ஊழியர்கள் அடுக்குக் கட்டிலில் தூங்கும் அறைகள் என்று ஒரு முழு ஊரே இருக்கிறது. நடுக்கடலில் அந்த ஊர் பற்றிக்கொண்டால் ஓடி ஒளிய இடமில்லை. அதனால் அவர் நடந்துகொண்டே இருப்பார். சுவரைத் தொட்டுப் பார்ப்பார், மூக்கை உறிஞ்சுவார், திறந்து கிடக்கும் கதவைச் சாத்துவார்.

"மோப்பம் வருது, மூச்சைப் பிடிச்சுக்கோங்கடா!" என்று சமையல்காரர்கள் கத்துவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

கதவு விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட்டு செல்லாது. தானாக மூடிக்கொள்ளும் கனத்த இரும்புக் கதவுகள் அவை. மூடியிருந்தால் தீ பிறந்த அறையோடு நின்றுவிடும். திறந்திருந்தால் தாழ்வாரம் முழுக்கப் புகை பரவி, தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான்.

சலவை அறையில் வேலை பார்த்தவன் அவருடைய மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. எந்த வேலையிலும் ஒட்டாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை மாமியார் கெஞ்சியதால் இவர்தான் கப்பலில் சேர்த்துவிட்டார். "உங்க கண்ணு முன்னால இருந்தா எனக்குக் கவலை இல்ல, மாப்பிள்ளை" என்று அந்த அம்மா சொல்லி அனுப்பினார். அவன் நல்ல உழைப்பாளியாகத்தான் இருந்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"மாமா, உள்ள வந்து பாருங்க. துணி துவைக்கிற இடமா இது? எங்களையே வேக வைக்கிற பானை!" என்பான். அந்த வெக்கை பொய்யில்லை. உலர்த்தும் எந்திரங்கள் ஓடும்போது உள்ளே நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் காற்று வரட்டும் என்று ஒரு துண்டை மடித்துக் கதவுக்கு அடியில் செருகி வைப்பான். இவர் வரும்போதெல்லாம் அதை உருவிப் போட்டுவிட்டுப் போவார். அடுத்த சுற்றில் மறுபடியும் துண்டு இருக்கும். நயமாகச் சொன்னார், அதட்டிச் சொன்னார். அவன் கேட்கிறபடி இல்லை. கடைசியில் ஒருநாள் அதிகாரியிடம் சொல்லிவிட்டார். அதிகாரி அவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கண்டித்தார். இன்னொரு தடவை நடந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவேன் என்றார்.

அன்று சாப்பாட்டுக் கூடத்தில் அவன் தட்டோடு எழுந்து வந்து இவர் முன்னால் நின்றான்.

"நீங்க எங்க அக்கா புருஷனா, இல்ல போலீஸ்காரனா?"

"டேய், உட்காந்து சாப்பிடு. அப்புறம் பேசலாம்."

"இனிமே பேச ஒண்ணும் இல்ல" என்று வேறு மேசைக்குப் போய்விட்டான்.

சொன்னபடியே பேச்சை நிறுத்திவிட்டான். ஆனால் அதற்குப் பிறகு கதவு ஒருநாளும் திறந்து கிடந்ததில்லை. இவர் அந்தப் பக்கம் போகும்போது மூடிய கதவைப் பார்ப்பார். நிம்மதியாகவும் இருக்கும், நெஞ்சை என்னவோ செய்யவும் செய்யும்.

தீப் பிடித்தது ஒரு பிற்பகலில். மேல்தளத்தில் பயணிகளுக்கு ஏதோ நடனப் போட்டி, பாட்டுச் சத்தம் கீழே வரை கேட்டது. தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தவருக்குப் பஞ்சு கருகும் வாடை வந்தது. ஓடினார். சலவை அறை ஆட்கள் இரண்டு பேர் சுவரைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தார்கள். கதவு மூடியிருந்தது.

"உள்ள யாரு?"

"உங்க மச்சினன்தான் அண்ணே! எங்களைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டு, பெரியவர் உள்ளயே இருக்காருன்னு திரும்பிப் போயிட்டான்."

இஸ்திரி போடும் வயதான ஊழியரைத்தான் பெரியவர் என்பார்கள். இவர் கையிலிருந்த வாக்கி டாக்கியில் செய்தி சொன்னார். புறங்கையைக் கதவில் வைத்துப் பார்த்தார். சுட்டது. அந்தச் சூட்டில் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். காற்றுக் கிடைத்ததும் தீ பாய்ந்து வெளியே வரும். தாழ்வாரத்தின் இரு பக்கமும் வேலை முடித்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் முகமூடியும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை.

இருமிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் கைப்பிடியை எட்டிப் பிடித்தான். இவர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"அண்ணே, உள்ள இருக்கிறது உங்க மச்சினன்!"

"தெரியும்டா. நீ போய் ரூம்ல தூங்குறவங்களை எழுப்பு, போ!"

அவர் கதவைக் குத்தினார். "டேய், சத்தம் வர்ற பக்கம் வாடா! கதவுக்கு வாடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது, உள்ளேயிருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும். யாரும் தள்ளவில்லை.

தீயணைப்புக் குழு குழாயோடு வந்து உள்ளே போனது. இஸ்திரி மேசைக்குப் பின்னால் அவன் குப்புறக் கிடந்தான். தீ அவனைத் தொடவில்லை, புகைதான் கொன்றிருந்தது. அவனை வெளியே தூக்கி வந்தபோது தாழ்வாரத்தின் மறுகோடியில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். தீப் பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் யாரிடமும் சொல்லாமல் எழுந்து கழிப்பறைக்குப் போயிருக்கிறார். அது மைத்துனனுக்குத் தெரியாது.

மேலே பாட்டு நிற்கவே இல்லை. துண்டு வரத் தாமதமாகிறது என்று சாயங்காலம் சில பயணிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒரு அறையைத் தாண்டித் தீ பரவவில்லை என்று கேப்டன் இவர் கையைப் பிடித்துப் பாராட்டினார்.

உடலோடு இவரும் ஊர் வந்தார். எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு மனைவி கேட்டாள்.

"நீங்க கதவைத் திறந்திருந்தா என் தம்பி பொழச்சிருப்பானா?"

அவள் மனம் ஆறுகிற மாதிரி ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு வாய் வரவில்லை.

"தெரியல. ஆனா திறந்திருந்தா மத்தவங்க செத்துப் போயிருப்பாங்க. அது தெரியும்."

"மத்தவங்கதானே" என்றாள் அவள். அதற்குப் பிறகு ஒரே வீட்டில் விருந்தாளிகள் மாதிரி இருந்தார்கள்.

சில மாதம் கழித்து இஸ்திரிக்காரப் பெரியவர் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"போகும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும், தாயி. கழிப்பறைக்குப் போறதை என்னத்தைச் சொல்றதுன்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்ச் சோறு எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்க. உங்களைத் தேடித்தானே உள்ள போனான். நீங்களாவது நல்லா இருக்கணும்" என்றாள். இன்னொரு தட்டில் கணவனுக்கும் போட்டாள். "நீங்களும் உட்காருங்க" என்றாள்.

அவர் மறுபடி கடலுக்குப் போகவில்லை. துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். மாமியார் படுத்த படுக்கையானபோது வீட்டுக்கே அழைத்து வந்து வைத்துக்கொண்டார்கள். மனைவி வேலைக்குப் போகும் நேரத்தில் மாமியாரைத் தூக்கி உட்காரவைப்பதும், வாய் துடைத்துவிடுவதும், மாத்திரை கொடுப்பதும் இவர்தான். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் இடம்கொடுத்தார். இவர் கையால் தண்ணீரும் வாங்கிக் குடித்தார். மகன் போன நாளிலிருந்து இவரை மாப்பிள்ளை என்று மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கண்ணை மூடும் வரைக்கும் கூப்பிடவில்லை.