நானும் ஒரு மணல் பொம்மையும்

போன வாரம் என்னை ஏழு தடவை மொபெட்டிலிருந்து கீழே தள்ளினார்கள். நான் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயப்படாதீர்கள். விழுந்தது நான் இல்லை – எனக்குப் பதில் ஒரு பொம்மை.

கோவைக்கு வெளியே ஓர் இன்ஜினியரிங் காலேஜ். டாக்டர்கள், இன்ஷூரன்ஸ் அதிகாரிகள், போலீஸ்காரர்கள் என்று முப்பது பேருக்கு அங்கே மூன்று நாள் பயிற்சி. விபத்தில் அடிபட்டவரின் காயத்தைப் பார்த்து, அடி எந்தத் திசையிலிருந்து வந்தது, என்ன வேகத்தில் வந்தது, அதற்கு இந்த எலும்பு உடையுமா உடையாதா என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் படிப்பாம். பயோமெக்கானிக்ஸ் என்று பெயர். அது என் வாயில் நுழையவே ஒரு நாள் ஆகிவிட்டது.

அங்கே உனக்கு என்ன வேலை என்கிறீர்களா?

போன வருஷம் மருமகள் கோகிலா மொபெட் ஓட்ட, நான் பின்னால் உட்கார, சோமனூரிலிருந்து அன்னூருக்குப் போனோம். ஒரு வளைவில் பஸ் ஒன்று எங்களை ஒட்டி முந்தியது. ஹேண்டில்பாரில் லேசாக ஓர் உரசல்... அவ்வளவுதான். வண்டி இடது பக்கம் சாய்ந்து, இரண்டு பேரும் மண்ணில் கிடந்தோம். கோகிலாவுக்கு இடது முழங்கையும் இடது முழங்காலும் தேய்ந்துபோயின. எனக்கு வலது மணிக்கட்டும் வலது தோள்பட்டை எலும்பும் முறிந்தன.

வண்டி சாய்ந்தது இடது பக்கம். எலும்பு உடைந்தது வலது பக்கம். அது எப்படி?

வக்கீல் வைத்து நஷ்டஈடு கேட்டிருந்தோம். இன்ஷூரன்ஸ் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வரவேண்டிய சந்தேகம்தான். ஆனால் மனிதர் அதோடு நிற்கவில்லை. எங்கள் தெருவுக்கே வந்து வீடு வீடாக விசாரித்தார். அந்தம்மா வீட்டில் வழுக்கி விழுந்தாரா, மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகிறதா, சண்டை சத்தம் ஏதாவது கேட்டதா என்று.

தெருவுக்கு இது போதாதா? பத்து நாளில் நான் பாத்ரூமில் விழுந்தேன் என்று ஆனது. ஒரு மாதத்தில் கோகிலா பிடித்துத் தள்ளினாள் என்று ஆனது.

கேட்டவர்களிடம் எல்லாம் நான் நடந்ததைச் சொன்னேன். அதற்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? பாவம், மருமகளுக்குப் பயந்துகொண்டு மறைக்கிறாள் என்றார்கள்!

கோகிலா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை என்று நிறுத்திக்கொண்டாள். ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்னைக் கொலைகாரின்னே சொல்லியிருப்பாங்க, இல்லீங்களா அத்தை?"

எனக்குக் கையை விட அதுதான் வலித்தது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் வக்கீல் ஒரு சேதி கொண்டுவந்தார். பொய்யான காயத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அந்தப் பயிற்சி வகுப்பில் பாடம் நடத்தப்போகிறார்கள். அதற்கு உதாரணமாக அந்த அதிகாரி கொடுத்திருப்பது எங்கள் ஃபைலைத்தான்! அப்படியானால் அடிபட்டவரும் அங்கே இருக்கட்டும் என்று வக்கீல் கேட்க, வகுப்பு நடத்தும் புரபசரும் சரி என்றுவிட்டார்.

போனோம். பேண்ட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டைக்குள்ளும் மணலை அடைத்து, தலைக்கு ஒரு கால்பந்தைக் கட்டி, என் எடைக்குச் சரியாக ஒரு பொம்மை செய்து வைத்திருந்தார்கள். இதுதாங்கம்மா நீங்க என்றார் புரபசர். பிறந்ததிலிருந்து நான் பேண்ட் போட்டதில்லை... சரி, இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியைத் தூவினார்கள். பொம்மை எங்கே வெள்ளையாகிறதோ அங்கேதான் அடி. மொபெட்டில் அதை உட்கார வைத்து, இரண்டு பேர் தள்ளிக்கொண்டு ஓடி, இடது பக்கம் சாய்த்தார்கள். பொம்மைக்கு இடது தோள் வெள்ளை. மறுபடியும் தள்ளினார்கள். மறுபடியும் இடதுதான். நான்கு தடவை இதே கதை.

முப்பது பேனாக்களும் ஓடின. இந்தக் காயம் இந்த விபத்தில் ஏற்பட்டது அல்ல என்று புரபசர் முடித்தார். முன்வரிசையில் இருந்த அந்த அதிகாரி பக்கத்து ஆளைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட கோகிலாவை இடிக்கிறவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்ததில்லை. ஆனால் கூட வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்ற அவள், முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். எழுந்துவிட்டேன்.

"ஏனுங்க... ஒண்ணு சொல்லலாமுங்களா?"

முப்பது தலையும் திரும்பின.

"அந்தப் பொம்மை ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்காந்திருக்குதுங்க. நான் அப்படி உக்காரலீங்க."

பின்னே எப்படி என்று புரபசர் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. அந்த அதிகாரியைப் பார்த்தே கேட்டுவிட்டேன்.

"உங்க ஊட்டம்மா உங்க வண்டில எப்படிங்க உக்காருவாங்க?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு அடங்கிவிட்டது. புரபசர் ஃபைலைப் புரட்டினார். பின்னால் அமர்ந்து சென்றார் என்று மட்டும் எழுதியிருந்தது. எப்படி அமர்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் எழுதவில்லை. வெளிநாட்டுப் புத்தகத்தில் படம் எப்படி இருந்ததோ அப்படியே பொம்மையை உட்கார வைத்துவிட்டார்கள். அந்த முப்பது பேரில் எத்தனை பேர் அன்று காலையில் மனைவியை ஸ்கூட்டரில் ஒரு பக்கமாக உட்கார வைத்து எங்காவது இறக்கிவிட்டு வந்தார்களோ!

பொம்மையின் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினார்கள். புடவை கட்டியவள் மாதிரி, இரண்டு காலும் இடது பக்கம் தொங்க உட்கார வைத்தார்கள். தள்ளினார்கள். முதலில் பாதம் தரையில் பட்டு நின்றது. உடம்பு நிற்குமா? வண்டி போன வேகத்தில் அதுவும் முன்னால் போனது. ஒரு பக்கமாக உட்கார்ந்தவளுக்கு முன்பக்கம் எது? வலது தோள்தானே!

வலது கை வெள்ளை. வலது தோள் வெள்ளை. இன்னொரு தடவை... அதேதான். மூன்றாவது தடவை வலது தோளில் தையலே பிரிந்து மணல் கொட்டியது. ஒரு டாக்டர் பொம்மையின் தோளையும் என் தோளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே இடம் என்றார்.

கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. பொம்மைதான் வேறு ஆள்!

அந்த அதிகாரி எழுந்து வந்தார். நல்ல மனிதர்தான், சொல்லவேண்டும். "தப்பு என்னுதுங்கம்மா. ரிப்போர்ட்டை மாத்தி எழுதிக் குடுத்தர்றேனுங்க."

"எழுதிக் குடுங்க. அப்படியே எங்க தெருவுக்கும் ஒருக்கா வந்து, கேட்ட ஊட்டுல எல்லாம் சொல்லிப்போட்டுப் போங்க."

இது நானா பேசினேன்? கோகிலா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை அவர் வந்தார். ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டுப் போனார். சிலர் காபி கொடுத்தார்களாம். சிலர், எங்களுக்கு அப்பவே தெரியுமுங்க என்றார்களாம்!

ஞாயிற்றுக்கிழமை அன்னூரில் ஒரு கல்யாணம். மொத்த சொந்தமும் மண்டப வாசலில் நின்றது. கோகிலா மொபெட்டை நேராக அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினாள்.

நான் எப்போதும் சட்டென்று இறங்குகிறவள். அன்றைக்கு மட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று, மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மெதுவாகவே இறங்கினேன்.