உகாதி அன்று நின்ற கால்

கால் பார்ப்பதுதான் என் வேலை. ஓசூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சர்க்கரை நோயாளிகளுக்கு எங்கள் ஆஸ்பத்திரி நடத்தும் முகாம்களில் நர்ஸாக இருக்கிறேன். ஆளைப் பத்து நிமிடம் படுக்கவைத்து, கையில் பி.பி. பார்த்துவிட்டு, கணுக்காலிலும் பட்டையைக் கட்டுவேன். ஜெல் தடவி டாப்ளர் கருவியை வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். கையைவிடக் காலில் அழுத்தம் நன்றாகக் குறைந்தால் ரத்தக்குழாய் அடைபடுகிறது என்று சந்தேகப்படுவோம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. "நடந்தா கெண்டக்கால் வலிக்குதா? நின்னா விட்டுடுதா?" ஜவளகிரிப் பக்கம் போனால் கன்னடத்தில் கேட்பேன், வேறு சில ஊர்களில் தெலுங்கில். மூன்று மொழியிலும் தூக்கத்தில் எழுப்பினாலும் கேட்பேன்.

வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்கவில்லை.

அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்ப்பேன், உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூர் ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்தவர், கம்பெனி பஸ்ஸிலேயே கன்னடமும் தெலுங்கும் கற்றுக்கொண்டவர். வாய் சும்மா இருக்காது. சாயங்காலம் வாக்கிங் கூட்டிப்போனால் பூக்காரம்மாவிடம் கன்னடத்தில் ஐந்து நிமிடம், டீக்கடைக்காரரிடம் தெலுங்கில் ஐந்து நிமிடம், அதற்கப்புறம் இஸ்திரிக் கடை. எனக்குப் பொறுமை கம்மி. "நடக்க வந்தீங்களா, ஊர்க்கதை பேச வந்தீங்களா?" என்று கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றபடி இருப்பார்.

போன உகாதி அன்று சாயங்காலம் தெருவே அடங்கிக் கிடந்தது. பூக்காரம்மா காலையிலேயே விற்று முடித்துவிட்டுப் போயிருந்தார். டீக்கடை ஷட்டர் இறங்கியிருந்தது. இஸ்திரி வண்டியும் இல்லை. இன்றைக்காவது ஒழுங்காக நடப்பார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பூக்காரம்மா உட்காரும் இடம் வந்ததும் நின்றார். கொஞ்சம் நடந்து, மூடிய டீக்கடை முன்னால் நின்றார். பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்ட பேசறீங்க?" என்றேன்.

வலது காலை லேசாகத் தூக்கி வைத்திருந்தார். ஊரில் எல்லோரையும் கேட்கிற கேள்வியை நடுத்தெருவில் அவரிடம் கேட்டேன்.

"ஆறு மாசமா இருக்கு," என்றார். "உங்கிட்ட சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவ. அங்க கால எடுக்கணும்னு சொல்லிட்டா?"

அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவருக்குச் சர்க்கரையில் கால் போனது. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து இவருக்குப் பயம். வலி வந்து நிற்பதை மறைக்கத்தான் வழியெல்லாம் அத்தனை பேச்சு. அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் அதிகம்.

மறுநாளே எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்தேன். கணுக்காலைப் பிடித்ததும், "கல்யாணமாகி இத்தன வருஷத்துல இப்பத்தான் என் காலப் பிடிக்கிற," என்றார்.

"பேசாம படுங்க. பேசினா கணக்கு தப்பாயிடும்."

இடது காலில் சத்தம் பளிச்சென்று கேட்டது. வலது காலில் தேடித்தேடித்தான் பிடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, அடைப்பு இருக்கிறது, ஆனால் காலுக்கு இப்போது ஆபத்தில்லை என்றார். சிகரெட்டை விட வேண்டும். மாத்திரையும் சர்க்கரைக் கட்டுப்பாடும் ஒழுங்காக இருக்க வேண்டும். அப்புறம் தினமும் நடக்க வேண்டும்: வலிக்கும்வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடக்க வேண்டும்.

"இதத்தான டாக்டர் நான் பண்ணிட்டிருந்தேன், இவதான் திட்டினா," என்றார் இவர். டாக்டர் முன்னாலேயே சிரித்துவிட்டேன். கால் இருக்கும் என்று கேட்ட பிறகு என்ன சொன்னாலும் சிரிப்புத்தான் வந்தது.

அன்றிலிருந்து நானும் சேர்ந்து நின்றேன். பூக்காரம்மாவின் மகளுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதுவரை எனக்கு இப்போது தெரியும். சிகரெட்டை விட்டவர் முதல் மாதம் முழுக்க என்மேல் எரிந்து விழுந்தார். விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் வழக்கம்போலக் கிளம்பினோம். பூக்காரம்மா இவரைப் பார்த்ததும் பேசத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார். இவர் கையை மட்டும் ஆட்டிவிட்டு, நிற்காமல் டீக்கடையைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தார்.

"யாகே சார், கோபானா?" என்று பின்னாலிருந்து கேட்டார் பூக்காரம்மா. ஏன், கோபமா என்று.

அன்றைக்கு நின்றது நான்தான். கன்னடத்தில் பதில் சொல்ல வாயெடுத்தேன், தமிழ்தான் வந்தது. "கோவமில்லம்மா," என்றேன். "அவருக்கு இன்னும் வலிக்கல."