தோளில் பதிந்த எண்ணெய்

பழம்பொரி என்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். எனக்குக் குமட்டும். ஏத்தன் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த அந்தப் பண்டத்தின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதைத் தின்ற கையைக் கழுவாமல் எங்கள் துறைத்தலைவி என் சிநேகிதியின் தோளைத் தட்டிக்கொடுத்ததும், வெளிர்நீலச் சுரிதாரில் விரல்கள் எண்ணெயாகப் பதிந்து நின்றதும்தான் உடனே கண்முன் வந்து தொலைக்கின்றன. சிநேகிதியோ அந்தக் கறையைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டாள். ஹாஸ்டலில் துவைக்கும்போது அந்த இடத்தை மட்டும் அவள் அழுத்தித் தேய்க்கவில்லையோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில் நாங்கள் இருவரும் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தோம். நான் நகரத்திலேயே தமிழர்கள் மிகுந்த கரமனையிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவள் வித்துராவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். அப்பாவும் அம்மாவும் கொழுந்து கிள்ளுகிறவர்கள். எம்.எஸ்ஸி.யில் மெரிட் சீட் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளையும் தயார். வகுப்பில் அவளைப்போல உயிரைக் கொடுத்துப் படித்தவர் வேறு யாரும் இல்லை.

துறைத்தலைவியும் கரமனைக்காரிதான், எங்களுக்குப் பக்கத்துத் தெரு. ஊர் வழக்கப்படி எல்லாரும் அவளை டீச்சர் என்றே கூப்பிடுவோம். ஆய்வுக் குழு ஒன்று கல்லூரியின் தரத்தைப் பார்க்க வரப்போகிறது என்று தெரிந்ததும், ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிப் பேசிப் படிப்பைச் சீர்செய்ய ஒரு கமிட்டி போட்டாள். மாணவர்கள் பக்கத்தில் நாங்கள் இருவரும். அதற்கென்று ஒரு வட்ட மேஜை வந்தது. அதன் நடுவில் பழம்பொரித் தட்டு. “வாங்கோடி, ஒக்காருங்கோ. இந்த மேஜைல டீச்சரும் கெடையாது, ஸ்டூடண்டும் கெடையாது, கேட்டேளா. மனசுல இருக்கறதைச் சொல்லுங்கோ” என்பாள். கேட்கவே எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது!

“நெசமாவே சொல்லலாமா டீச்சர்?” என்று கேட்டுவிட்டு என் சிநேகிதி சொன்னாள். எங்கள் ஆய்வகத்தில் யாரும் சோதனை செய்வதில்லை, சமைப்பதுதான். ஈர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு வரவேண்டும் என்றால், அந்த விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அளந்ததாக எண்களை எழுதிவிடுவோம். சரியான விடை இருந்தால்தான் கையெழுத்து விழும். எல்லா ஆசிரியர்களுக்கும் இது தெரியும். அவர்களும் சமைத்து வந்தவர்கள்தான். “வந்ததை எழுதுறோம் டீச்சர். ஏன் தப்பா வந்துச்சுன்னும் எழுதுறோம். அதுக்குக் கையெழுத்துப் போடுங்க” என்றாள். டீச்சர் உருகிப்போனாள். அப்போதுதான் அந்தத் தோள் தட்டல்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தப் பருவம் அருமையாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியங்களில் டீச்சர் முந்தானையைச் செருகிக்கொண்டு எங்களோடு லென்ஸ் துடைத்தாள். ஊசல் சோதனையில் எல்லாருக்கும் ஏன் தப்பாக வருகிறது என்று நாங்கள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, ஊசலைத் தாங்கும் கத்திமுனை தேய்ந்து மழுங்கியிருப்பதைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்ததே அவள்தான். புதியது வாங்கக் காசில்லை என்றார்கள். “பரவாயில்லை, தேஞ்சிருக்குன்னு எழுது, அதுவும் படிப்புதான்” என்று அவளே கையெழுத்தும் போட்டாள். ஆய்வுக் குழு வந்தபோது என் சிநேகிதியை முன்னால் நிறுத்தி, “இவள் எங்க கூட்டாளி” என்று இங்கிலீஷில் அறிமுகம் செய்தாள். அவர்கள் அசந்துபோனார்கள்.

பிறகு செய்முறைத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், உள்ளிருந்து டீச்சர். எனக்கு வேறு சோதனை. அடுத்த மேஜையில் என் சிநேகிதிக்கு அதே ஊசல். அவள் வந்ததை எழுதினாள்; கத்திமுனையைப் பற்றி ஒரு பக்கம் விளக்கமும் எழுதினாள். வெளித் தேர்வாளர் தாளைப் பார்த்து, “எந்தா இது, ஒன்பது எட்டு வரலியே?” என்றார். அவள் விளக்கிச் சொல்லிவிட்டு நிம்மதியாக டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஆ கொச்சினு எப்பழும் சிரத்த போரா, சார்” என்றாள். அந்தப் பெண்ணுக்கு எப்போதும் கவனம் போதாதாம். சீ! தன் விரலால் தடவிப் பார்த்த இரும்பு அது.

மறுநாள் என் சிநேகிதி துறைக்குப் போனாள், நானும் கூடப் போனேன். சண்டை பிடிக்கவில்லை, டீச்சர் மறந்திருப்பாள் என்றே நம்பினாள், பாவம். டீச்சர் குரலைத் தாழ்த்தி, அன்பாகவே சொன்னாள்: “கமிட்டி வேற, பரீட்சை வேறடி கொழந்தே. இதுகூடவா நோக்குத் தெரியாது?” ரிசல்ட் வந்தபோது செய்முறையில் அவளுக்குத் தேறுவதற்கு மட்டும் மார்க் போட்டிருந்தார்கள். மெரிட் சீட் போயிற்று. ஓணத்துக்கு முன்பே கல்யாணம். இப்போது வித்துரா சந்தையில் புருஷனோடு பலசரக்குக் கடையில் நிற்கிறாள். நான் போனால் காப்பி தருவாள். இயற்பியலைப் பற்றி மட்டும் பேச மாட்டாள்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு நான் ஆசிரியையாக வேலை பார்த்த கல்லூரியிலும் அதே மாதிரி ஒரு கமிட்டி தொடங்கினார்கள். தொடங்கிவைக்க ஓய்வு பெற்ற டீச்சரையே கூட்டிவந்தார்கள். மேடையில் அவள் என் சிநேகிதியின் கதையைத்தான் சொன்னாள். பரீட்சையில்கூடப் பொய் எழுத மறுத்த ஒரு குழந்தையைத் தன் கமிட்டி உருவாக்கியதாம். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு முதலாண்டுப் பெண் எழுந்தாள். “டீச்சரே, ஆ சேச்சிக்கு எத்ர மார்க் கிட்டி?”

அந்த அக்காவுக்கு எவ்வளவு மார்க் கிடைத்தது என்று அவள் கேட்டதும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு சிரித்து, “மார்க்கா முக்கியம்?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்காமல் உட்கார்ந்தாள்.

கூட்டம் முடிந்து பழம்பொரித் தட்டு வந்தது. டீச்சர் ஒன்றைக் கடித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து தோளைத் தட்டினாள். “அந்தப் பொண்ணு நன்னாக் கேட்டா, இல்லையோ? அவளைக் கமிட்டில போட்டுடு.”

தோளைத் துடைத்துக்கொள்ளக்கூட நிற்கவில்லை. வராந்தாவில் ஓடிப்போய் அந்தப் பெண்ணைப் பிடித்து நிறுத்தி, அவள் கேட்ட மார்க்கைச் சொன்னேன்.