சிறை சென்று திரும்பிய எங்கள் அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கியதும், "அந்த விஷயத்த எழுதியிருக்காளா?" என்று சிலர் புரட்டிப் பார்ப்பீர்கள். எழுதியிருக்கிறேன். "பிள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம், இப்பப் போயி எதுக்கு?" என்று அண்ணி தடுத்தார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர் பேசுவதைவிட நான் எழுதிவிடுவது மேல்.

அண்ணன் பிறந்தது கீரனூரில். அப்பா காலமானபின் திண்டுக்கல் பேகம்பூருக்குக் குடிவந்தோம். அண்ணன் பூட்டுப் பட்டறையில் தொழில் கற்றார். தாம் செய்த சாவி ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளி குத்துவார். சாவி சரியில்லையென்றால் யார் செய்தது என்று தெரிய வேண்டும், அதுதான் பட்டறை முறை.

இருபத்தாறு வயதில், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு, வளைகுடா நாடொன்றில் சாவிக் கடை வேலைக்குப் போனார். அங்கே ஒருவன், "ஏனுங்ண்ணா, ஊட்டுச் சாவி தொலஞ்சு போச்சுங்க, நான் ஒட்டன்சத்திரமுங்க" என்று வந்தான். அண்ணனுக்கோ வெளுத்ததெல்லாம் பால். திண்டுக்கல்லில் என்றால் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் கதவில் கை வைக்க மாட்டார். அன்று நம்மூர்ப் பேச்சைக் கேட்டதும் விசாரிக்காமலே சாவி செய்து கொடுத்துவிட்டார். அது வேறொருவர் வீடு. மறுவாரமே அங்கே நகை திருடு போனது. அவன் ஓடிவிட்டான். மூன்று புள்ளிச் சாவி கதவிலேயே தொங்கியது; அதை வைத்துப் போலீஸ் அண்ணனைப் பிடித்தது.

"திருடப் போறவன் தன் அடையாளத்தக் குத்தி வைப்பானா?" என்று அம்மா கதறினார். அதை அந்த நீதிமன்றத்தில் கேட்க எங்களுக்கு மொழியும் இல்லை, ஆளும் இல்லை. மூன்றாண்டு தண்டனை.

திரும்பி வந்தவரைப் பூட்டுத் திறக்க யாரும் கூப்பிடவில்லை. வெல்டிங் பட்டறைக்குப் போனார். தெருவில் யாராவது "காணோம்" என்றால் போதும், அண்ணனுக்குச் சோறு இறங்காது. மகளை நன்றாகப் படிக்கவைத்தார். சென்ற ஆண்டு மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

சிறையில் அவருக்குத் துணி கொண்டுபோய்க் கொடுத்த அறை நண்பர்களுக்கும், இறுதிவரை தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. இன்னும் ஒருவர் பாக்கி.

அண்ணன் திரும்பிய மறுவருடம் எதிர்வீட்டுப் பரிதா அக்கா தம் வீட்டுச் சாவியோடு வந்தார். "அண்ணே, மக பிரசவத்துக்குத் திருச்சி போறேன். மூணு நாளு வீட்டப் பாத்துக்கங்க."

அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் வீட்டுக்காரிகிட்டக் குடும்மா."

"ஒங்ககிட்டத்தான் குடுக்குறேன்."

மூன்று நாளும் அண்ணன் வேலைக்குப் போகவில்லை. அந்த வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பூனை சுவரேறினாலும் எழுந்து நின்றார். அக்கா திரும்பியதும், "உள்ள போயி பீரோவத் தொறந்து எல்லாஞ் சரியா இருக்கான்னு பாரும்மா. அதுவரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்" என்றார்.

அக்கா பீரோ இருந்த பக்கமே போகவில்லை. நேரே அடுப்படிக்குப் போனவர், "உக்காருங்கண்ணே, டீ போடுறேன்" என்றார்.

பரிதா அக்கா, அந்த ஒரு தம்ளர் டீக்கு எங்கள் குடும்பம் என்றும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.